சகலையின் அட்டை போட்ட புத்தகம்

அடுப்புக்காரருக்குப் பசி பொறுக்கும், வெக்கை பொறுக்கும், கை சுட்டுக்கொண்டால்கூட ஒரு ஊது ஊதிவிட்டு அடுத்த தட்டை இழுப்பார். சகலை ஜெயிப்பது மட்டும் பொறுக்காது.

ரொட்டி ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷமாக அவர் இடம் அடுப்படிதான். அடுப்பென்றால் வீட்டு அடுப்பு இல்லை, ஒரு வேன் உள்ளே போய் நிற்கலாம், அத்தனை பெரியது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவர். ஆனால் மாவைத் தொட்டால் போதும், இன்னும் எத்தனை நிமிஷம் என்று சொல்லிவிடுவார். விரலால் ஒரு குத்து. குழி மெல்ல எழும்பி வந்தால் அடுப்புக்குத் தயார். சட்டென்று எழும்பினால் இன்னும் நேரம் இருக்கிறது. எழும்பவே இல்லையென்றால் கைமீறிப் போயிற்று. படித்துப் பட்டம் வாங்கிய மேனேஜர்கூட அந்த விரலை நம்பித்தான் ஃபேக்டரி நடத்தினார்.

சகலை, அதாவது அவர் மனைவியின் தங்கை புருஷன், அதே ஃபேக்டரியில் வேன் ஓட்டினார். ஐந்து வயது சின்னவர். ஒல்லி, எந்நேரமும் சிரித்த முகம். சும்மா உட்கார்ந்திருந்தவரை ஃபேக்டரிக்குக் கூட்டி வந்து வேலைக்குச் சேர்த்துவிட்டதே அடுப்புக்காரர்தான். சேர்த்துவிட்ட மூன்றாம் மாதமே, "உங்க சகலை தங்கமான மனுஷன்ப்பா" என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். மாமியார் வீட்டில் ஏற்கெனவே அந்தப் பாட்டுத்தான். சின்ன மாப்பிள்ளை குழாய் சரி பண்ணினார், சின்ன மாப்பிள்ளை ஃபேன் மாட்டினார். பெரிய மாப்பிள்ளை பதினெட்டு வருஷமாகச் சுமந்துபோன ரொட்டிக்கு ஒரு வாய் நல்ல வார்த்தை கிடையாது.

இதெல்லாம் பழைய புகைச்சல். புதுப் புகைச்சல் செஸ் போர்டில் வந்தது.

அச்சில் போட்ட மாவை நீராவி அறைக்குள் தள்ளினால் உப்பி எழும்ப ஐம்பது நிமிஷம். அதுவரை அடுப்புக்காரருக்கு வேலை இல்லை. ரொட்டி வெந்து ஆறி கட்டாகும்வரை வேன்காரருக்கும் வேலை இல்லை. முன்னெல்லாம் இருவரும் ஓய்வறை பெஞ்சில் ஆளுக்கொரு மூலையில் கண்ணயர்வார்கள். ஒரு நாள் ஆபீஸ் கிளார்க் வீட்டில் தூசி படிந்து கிடந்த ஒரு செஸ் போர்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "சும்மா தூங்கறதுக்கு இத விளையாடுங்கப்பா" என்று எந்தக் காய் எப்படி நகரும் என்று இருவருக்கும் ஒரே நாளில், ஒரே பெஞ்சில் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கு அடுப்புக்காரர்தான் ஜெயித்தார். அந்த வாரம் முழுக்க அவர்தான். நீராவி அறை மணி அடிக்கும்போது எழுந்து போகிற நடையே தனியாக இருந்தது.

இரண்டு மாதம் போனது. மூன்றாம் மாதத்தில் காற்று திரும்பியது. சகலை ஜெயித்தார். மறுநாளும் ஜெயித்தார். பிறகு தினமும்.

"என்ன அண்ணே, ரொட்டி மட்டும்தான் கருகும்னு நெனச்சேன், நீங்களும் கருகறீங்களே" என்றான் மிக்சர்காரன். மாவு பிசையும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதில் ஃபேக்டரியிலேயே முதல் ஆள்.

"போய் உன் சட்டியக் கழுவுடா."

"கழுவிட்டேன். அவரு ஏதோ புத்தகம் படிக்கிறாரு, தெரியுமா? வேன்ல பையில வெச்சிருக்காரு. பழுப்பு அட்டை போட்டு, என்ன புத்தகம்னே தெரியாத மாதிரி."

அடுப்புக்காரருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. அன்றைக்கே பார்சல் ஏற்றுகிற இடத்தில் வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். உண்மைதான். சீட்டில் தோள்பை, பையின் வாயில் பழுப்பு அட்டை போட்ட புத்தகம், அதன் கூடவே ஒரு நோட்டு. சகலை ஓடி வந்து வண்டியில் ஏறினார்.

"என்ன அண்ணே, ஏதாச்சும் வேணுமா?"

"டயர்ல காத்து கம்மியா இருக்கற மாதிரி இருந்துச்சு" என்றார் அடுப்புக்காரர். டயர் கல் மாதிரி இருந்தது.

கேட்டிருக்கலாம். என்ன புத்தகம்டா என்று ஒரு வார்த்தை. வேலை வாங்கிக் கொடுத்தவர், வயதில் மூத்தவர், வாயைத் திறந்து கேட்டால் தன் கௌரவம் என்ன ஆவது? அவன் ரகசியமாகப் படித்தால் நாமும் ரகசியமாகப் படிப்போம், அவன் புத்தகத்தைவிடப் பெரிய புத்தகமாகப் படிப்போம் என்று முடிவு கட்டினார்.

பழைய புத்தகக் கடை ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கடைக்காரர் ஒரு கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டு கணக்கே இல்லாத புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"செஸ் புத்தகம் வேணும்."

"எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

"ஆறாங்கிளாஸ்."

"அதக் கேக்கல. ஆட்டத்துல எதுவரைக்கும்னு கேட்டேன்."

"காய் நகர்த்தத் தெரியும். ஒருத்தன ஜெயிக்கணும்."

கடைக்காரர் கையை விட்டுத் துழாவி மெலிந்த புத்தகம் ஒன்றை எடுத்தார். அட்டையில் ஒரு குதிரை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரித்தது. "ஒரு பக்கத்துக்கு நாலு படம். ஒரே நகர்த்தல்ல ராஜாவ மடக்கற மேட் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கணும். அப்புறம் ரெண்டு நகர்த்தல். தினம் பத்துப் படம் போடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"இது பிள்ளைங்க புத்தகம்."

"ஆமா. பிள்ளைங்கதான் சீக்கிரம் கத்துக்குது."

"குதிரை சிரிக்குதுய்யா. இதோட ஃபேக்டரிக்குப் போனா எல்லாரும் சேர்ந்து சிரிப்பானுங்க. அந்தப் பெருசக் குடுங்க."

"அது ஆரம்ப நகர்த்தல் புத்தகம். நானூறு பக்கம். வக்கீலுக்குப் படிக்கிற மாதிரி இருக்கும். இப்ப உங்களுக்கு அது..."

"குடுங்கன்றேன்ல. ஆமா, இங்க ஒருத்தன் வந்தானா? வேன் ஓட்டறவன். ஒல்லியா, சிரிச்ச மூஞ்சி. அவன் என்ன வாங்கினான்?"

"வர்றவங்கள்ல பாதிப்பேர் ஒல்லிதான்" என்றார் கடைக்காரர். "சிரிச்ச மூஞ்சியோட இந்தக் கடைக்கு யாரும் வந்ததில்ல."

நானூறு பக்கத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அடுப்புக்காரர் வீட்டுக்கு வந்தார். ஷிஃப்ட் முடிந்து வந்த மதியங்களில் அடுக்களை மேசையில் அதை விரித்து வைத்து மனப்பாடம் செய்தார். கட்டங்களுக்கு எழுத்தும் எண்ணும் போட்டுச் சொல்கிற கணக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டது. இந்தச் சிப்பாய் இரண்டு கட்டம், அந்தக் குதிரை வெளியே, மந்திரி குறுக்கே, ராஜாவும் யானையும் இடம் மாறி ராஜா ஓரத்தில் பத்திரம். பன்னிரண்டு நகர்த்தல் தண்ணி பட்ட பாடு.

"என்னங்க, பரீட்சையா?" என்றாள் மனைவி, அரிசி களைந்துகொண்டே. "ஆறாங்கிளாஸ்ல இதுல பாதி படிச்சிருந்தா நான் மேனேஜர் பொண்டாட்டி."

"உன் தங்கச்சி புருஷனுக்கு ஒரு பாடம் இருக்கு."

"அவரு என்னங்க பண்ணினாரு பாவம்?"

"அந்தப் 'பாவம்'தான்டி. எல்லாரும் அவனுக்குத்தான் பாவம் பாக்கறீங்க."

திங்கட்கிழமை வெள்ளைக் காயோடு உட்கார்ந்தார். மூன்று நகர்த்தல் புத்தகப்படி போனது. நாலாவதில் சகலை புத்தகத்திலேயே இல்லாத ஒரு சிப்பாயை நகர்த்தினார். அடுப்புக்காரர் மேசையைப் பார்த்தார், சகலையைப் பார்த்தார். "அத அங்க வைக்கக் கூடாது" என்றார்.

"ஏன் அண்ணே, தப்பா?"

"தப்பில்ல. ஆனா யாரும் வைக்க மாட்டாங்க."

"நான் வெச்சிட்டேனே."

இருபது நகர்த்தலில் தோற்றார். செவ்வாய்க்கிழமை கறுப்புக் காய் வந்தது. அது அதைவிட மோசம். புத்தகத்தில் எல்லாப் படத்திலும் வெள்ளை கீழே, கறுப்பு மேலே. அவர் வெள்ளைக்காரன் பக்கம் உட்கார்ந்தே நானூறு பக்கத்தையும் பார்த்திருந்தார். கறுப்புப் பக்கம் உட்கார்ந்ததும் எல்லாமே தலைகீழ். சொந்த வீட்டுக்குள் பின்வாசல் வழியாக வந்தவன் சமையலறை எது, படுக்கையறை எது என்று தெரியாமல் நிற்கிற மாதிரி நின்றார். பன்னிரண்டு நகர்த்தலில் மேட்.

அடுத்து, பெரிய ஆட்டக்காரர்கள் ஆடிய ஆட்டங்களைத் தொகுத்த புத்தகம் வாங்கினார். அதில் ஒவ்வொரு பக்கத்திலும், 'இங்கே கறுப்பு தோற்றுவிட்டது என்பது வெளிப்படை' என்று எழுதியிருந்தது. மேசையில் பார்த்தால் கறுப்புக்கு எல்லாக் காயும் அப்படியே இருக்கும். "யாருக்குய்யா வெளிப்படை?" என்று புத்தகத்தைப் பார்த்துக் கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார்.

இதற்கிடையில் ஒரு ஈடு ரொட்டி வீணாய்ப் போயிற்று. ஆட்டம் ஒன்றில் ராணியைக் காப்பாற்றுகிற யோசனையில் மணி அடித்தது காதில் விழவில்லை. மாவு அச்சை மீறிப் பொங்கி, அடுப்புக்குள் போனதும் படுத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. மேனேஜர் வீணான ரொட்டியைக் கணக்கில் எழுதிக்கொண்டு போனார். சகலைதான், "நான் கவனிச்சிருக்கணும் அண்ணே, என் தப்பு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அடுப்புக்காரருக்கு.

அந்த நேரத்தில்தான் கிளார்க் ஒரு காகிதத்தோடு வந்தார். ஃபேக்டரிகளுக்கு இடையே செஸ் போட்டி, ஒரு ஃபேக்டரிக்கு நாலு பேர். கிளார்க் ஒருவர், பரிசோதனைக்கூடத்து அம்மா ஒருவர், வாட்ச்மேன் ஒருவர். மூன்று இடம் நிரம்பிவிட்டது. "நாலாவது இடம் உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரே ஒரு ஆட்டம். ஜெயிச்சவர் பேர எழுதி அனுப்பிடுவேன்."

அடுப்புக்காரருக்கு அந்த நாலாவது இடம் வேண்டும். ஃபேக்டரிச் சுவரில் ஒட்டுகிற காகிதத்தில் தன் பேர் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், சகலையின் பேர் இருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் அவள் தங்கையும் தங்கை வீட்டில் சேர்ந்து பழைய துணி பிரிக்கிற வேலை வைத்திருந்தார்கள். அடுப்புக்காரரும் கூடப் போனார். சகலை வீட்டில் இல்லை, வேனுக்கு ஆயில் மாற்றப் போயிருந்தார். பெண்கள் இருவரும் உள்ளறையில். கூடத்து ஆணியில் அந்தத் தோள்பை தொங்கியது.

ஒரு நிமிஷம் பார்த்தார். இரண்டு நிமிஷம் பார்த்தார். பிறகு கை தானாகப் போயிற்று.

பழுப்பு அட்டையைத் திறந்தார். உள்ளே மூக்குக்கண்ணாடி போட்ட குதிரை பல்லைக் காட்டிச் சிரித்தது. பள்ளிக்கூட நூலக முத்திரை இருந்தது. சகலையின் பெண் எல்லாப் புத்தகத்துக்கும் போடுகிற மாதிரி இதற்கும் அட்டை போட்டிருக்கிறாள். அவ்வளவுதான் ரகசியம். இரண்டு மாதம் இவர் வயிறு எரிந்தது ஒரு சின்னப் பெண் ஒட்டிய காகிதத்துக்கு.

நோட்டைத் திறந்தார். சகலையின் கையெழுத்து வேன் மேடுபள்ளத்தில் போகிற மாதிரி இருந்தது. முதல் பக்கத்தில் ஒரு ஆட்டம், நகர்த்தல் நகர்த்தலாக. மேலே, 'அண்ணனிடம் தோற்றது, முதல் நாள்.' அடுத்த பக்கம், 'அண்ணனிடம் தோற்றது, இரண்டாம் நாள்.' பக்கம் பக்கமாகத் தோற்ற ஆட்டம்தான். ஜெயித்தது ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே எந்த இடத்தில் தப்பு, அங்கே என்ன செய்திருக்கலாம் என்று இரண்டு வரி. இந்த ஆள் படித்த பெரிய புத்தகமே அடுப்புக்காரர்தான்!

பெருமைப்படுவதா, கோபப்படுவதா என்று தெரியாமல் இன்னொரு பக்கம் புரட்டினார். அங்கே ஒரு பட்டியல்.

'அண்ணன் சும்மா கிடைக்கிற காயை விடமாட்டார். குதிரைக்கு முன்னால் உள்ள சிப்பாயைக் காவல் இல்லாமல் விட்டால் ராணியோடு வந்து வெட்டுவார். பிறகு ராணிக்குத் திரும்பிப் போக வழி இருக்காது. குதிரை பின்னால் போகும் என்பதை மறந்துவிடுவார். தப்பு பண்ணியது தெரிந்தால் காது சிவக்கும்.'

அடுப்புக்காரர் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது.

கடைசியில் ஒரு வரி, அடிக்கோடு போட்டு. 'ஆனால் காய் குறைந்துபோனால் அண்ணனை அசைக்க முடியாது. சிப்பாயை எப்போது நகர்த்துவது, எப்போது சும்மா இருப்பது என்று மாவைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். அதுவரை போக விடக் கூடாது.'

உள்ளறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள். நோட்டைத் திணித்துவிட்டு, ஆணியில் மாட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றார். தன்னைப் பற்றி இத்தனை நன்றாக யாரும் எழுதியதில்லை. அதை எழுதியவன் இவனாகவா இருக்க வேண்டும்?

மறுநாள் புத்தகக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் மெலிந்த புத்தகத்தை எடுத்து நீட்டினார். "குதிரை இன்னும் சிரிச்சுக்கிட்டுதான் இருக்கு" என்றார்.

"பேப்பர்ல சுத்திக் குடுங்க."

நாலு நாள். தினம் பத்துக்குப் பதில் இருபது படம் போட்டார். பத்துப் படம் நேராக, பத்துப் படம் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக் கறுப்புப் பக்கத்திலிருந்து. அதற்குப் பிறகு, போர்டில் காய்களை அடுக்கி, அந்தச் சிப்பாயைக் காவல் இல்லாமல் ராணிக்கு எதிரே வைத்தார். கை போகும். இழுத்துக்கொள்வார். மறுபடி போகும். கடைசியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "குளிருதா?"

"படிக்கிறேன்."

"கையில உக்காந்துக்கிட்டா?"

"ஆமா. இதுதான் கஷ்டமான பாடம்."

வெள்ளிக்கிழமை மாவை நீராவி அறைக்குள் தள்ளிவிட்டு, அடுப்படியில் தட்டுக்கு நேரம் வைக்கிற இரண்டு சின்ன மணிகளைக் கிளார்க்கிடம் கொடுத்தார். ஆளுக்கு இருபத்தைந்து நிமிஷம் திருகி மேசையின் இரண்டு பக்கமும் வைத்தார்கள். சகலைக்கு வெள்ளை, அடுப்புக்காரருக்குக் கறுப்பு. மிக்சர்காரன் மாவுக்கையோடு வந்து நின்றான். "அண்ணே, கருகாம பாத்துக்கோங்க."

பதினோராவது நகர்த்தலில் சகலை மந்திரியை வெளியே எடுத்தார். குதிரைக்கு முன்னால் இருந்த சிப்பாய் காவல் இல்லாமல் நின்றது. வெட்டு வெட்டு என்று கெஞ்சுகிற மாதிரி நின்றது. அடுப்புக்காரரின் ராணிக்கு நேர் பாதை. அவர் மெதுவாக இரண்டு கையையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்தார். காது சுட்டது. இரண்டு நிமிஷம் போனது. பிறகு ஒரு கையை உருவி, ஓரத்து யானையை ஒரு கட்டம் நகர்த்தினார்.

சகலை நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாக அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

அதற்குப் பிறகு அடுப்புக்காரர் ஒரே வேலையாகக் காயைக் குறைத்தார். ராணிக்கு ராணி, யானைக்கு யானை, குதிரைக்கு மந்திரி. சகலை விலகி விலகிப் போனார், இவர் துரத்தித் துரத்தி மாற்றினார். கடைசியில் மேசையில் இரண்டு ராஜாவும் நாலு நாலு சிப்பாயும்தான். அங்கே அடுப்புக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஓடத் தயாராக நின்ற தன் சிப்பாயைத் தொடவே இல்லை. ராஜாவை ஒரு கட்டம் சும்மா பின்னால் வைத்தார். முட்டிக்கொண்டு நின்ற சிப்பாய்களை நகர்த்தச் சகலைக்கு வழி இல்லை, அவர் ராஜாதான் வழிவிட வேண்டியிருந்தது. வழி திறந்ததும் சிப்பாய் போயிற்று, கடைசிக் கட்டத்தில் ராணியாயிற்று.

சகலை ராஜாவைச் சாய்த்துக் கை கொடுத்தார். சரியாக அப்போதுதான் நீராவி அறை மணி அடித்தது. மிக்சர்காரன் கை தட்டி மாவுத்தூள் பறக்கவிட்டான்.

அடுப்புக்காரர் கையுறையை மாட்டிக்கொண்டு தட்டுகளை அடுப்புக்குள் தள்ள ஆரம்பித்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. தோற்றவன் முகம் எப்படி இருக்கிறது என்று ஒரு பார்வை பார்க்கலாம் என்று திரும்பினார். சகலை பக்கத்திலேயே நின்றார், நோட்டும் பேனாவுமாக. புதுச்சட்டை வாங்கியவன் மாதிரி இருந்தது முகம்.

"அண்ணே, என்னா ஆட்டம்! அந்த ராஜாவப் பின்னால வெச்சீங்களே, நான் அதப் பாக்கவே இல்ல. இருங்க, எழுதிக்கிறேன். ஆமா, பதினோராவதுல ஏன் நீங்க சிப்பாய வெட்டல? எப்பவும் வெட்டுவீங்களே?"

இந்த மனுஷனுக்குத் தோற்பதிலும் லாபமா? ஜெயித்தால் எனக்கு ஒரு மணி நேரம் சந்தோஷம், தோற்றால் ஒரு வாரம் வயிற்றெரிச்சல். இவன் தோற்றுவிட்டுப் பலகாரம் கிடைத்த மாதிரி நிற்கிறானே! இத்தனை நாள் அவர் பொறாமைப்பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. பொறாமைப்பட வேண்டிய சாமான் இதுதான், இதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

புத்தகத்தில் படித்தேன் என்று சொல்ல வாயெடுத்தார். தட்டு ஒன்று அடுப்பின் வாயில் இடித்து நின்றது.

"உன் நோட்டப் படிச்சேன்" என்றார், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "ஞாயித்துக்கிழம. உன் வீட்டுல. பையத் தொறந்து."

சகலையின் பேனா நின்றது.

"எல்லாத்தையுமா?"

"என்னைப் பத்தி எழுதின பக்கத்த."

"காது சிவக்கும்னு எழுதினதையுமா?"

"அதையும்தான்."

சகலை நோட்டை மூடினார். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே அண்ணே" என்றார். சொல்லிவிட்டு வேன் பக்கம் போய்விட்டார்.

அறைந்திருந்தால் பரவாயில்லை. அன்றைய ரொட்டி முழுவதும் வெந்து முடிகிறவரை அந்த வார்த்தை அடுப்புக்காரர் முதுகிலேயே நின்றது. கடைசித் தட்டை இழுத்து வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போனார்.

"என் பேர அடிச்சிட்டு அவன் பேர எழுதுங்க."

கிளார்க் விழித்தார். "ஜெயிச்சது நீங்கதானே?"

"பரீட்சைக்கு முன்னாடியே கேள்வித்தாளப் பாத்துட்டேன். எழுதுங்கன்னா எழுதுங்க சார், என்னைப் பேச வைக்காதீங்க."

சுவரில் ஒட்டிய காகிதத்தில் நாலாவதாகச் சகலையின் பேர் இருந்தது. அதற்குக் கீழே, மாற்று ஆட்டக்காரர் என்று அடுப்புக்காரரின் பேர், சின்ன எழுத்தில். ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டிப் போகும்போது அவருக்கு நெஞ்சுக்குள் ஒரு முள் நகர்ந்தது. இடத்தைக் கொடுத்தது கொடுத்ததுதான். அதற்காகச் சந்தோஷமாக வேறு இருக்க வேண்டுமா என்ன?

போட்டி ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. சகலைதான் வேன் ஓட்டினார். அடுப்புக்காரர் பக்கத்து சீட்டில். வழியெல்லாம் இருவரும் டயரைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

மாற்று ஆட்டக்காரருக்குச் சுவரோரம் நிற்பதுதான் வேலை. முதல் ஆட்டத்தில் சகலை ஜெயித்தார். அடுப்புக்காரர் கை தட்டினார். வயிற்றில் வழக்கமான இடத்தில் வழக்கமான எரிச்சல் வந்து உட்கார்ந்தது.

இரண்டாவது ஆட்டம் சோப்பு ஃபேக்டரியிலிருந்து வந்த ஒரு நரைத்த அம்மாவோடு. அந்த அம்மா ஆடுகிற மாதிரியே தெரியவில்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒன்பதாவது நகர்த்தலில் அந்த அம்மாவின் குதிரைக்கு முன்னால் இருந்த சிப்பாய் காவல் இல்லாமல் நின்றது. அடுப்புக்காரர் சுவரிலிருந்து முதுகை எடுத்தார். சகலையின் கை ராணிமேல் போயிற்று.

கையில உக்காருடா! என்று கத்த வேண்டும் போல இருந்தது. வாயைத் திறக்கக் கூடாது, விதி. திறக்கத்தான் வேண்டுமா என்றும் ஒரு மனசு கேட்டது. சகலை சிப்பாயை வெட்டினார். நாலு நகர்த்தலில் ராணி அகப்பட்டுக்கொண்டது. அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

அடுப்புக்காரருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், ஒரு தட்டு அடுப்புக்குள் போய் வருகிற நேரத்துக்கு நன்றாகவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவர் கை அந்த நேரமெல்லாம் சும்மா இல்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்த புது நோட்டில், சுவரில் வைத்து, பெரிய பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டே இருந்தது. முதல் நகர்த்தலிலிருந்து கடைசிவரை. மேலே, 'சகலை தோற்றது.' கீழே, எந்த இடத்தில் தப்பு என்று இரண்டு வரி.

சகலை மேசையை விட்டு வந்தார். பையைத் துழாவினார். "ஆட்டத்தோட சூட்டுல எழுதவே மறந்துட்டேன் அண்ணே. நடுவுல என்ன ஆச்சுன்னே ஞாபகம் இல்ல." அப்போதுதான் அடுப்புக்காரர் கையில் இருந்ததைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "எழுதி வெச்சிருக்கீங்களா? குடுங்க அண்ணே, பாக்கலாம்."

அடுப்புக்காரர் நோட்டை மூடி மார்போடு வைத்துக்கொண்டார்.

"கேட்டுட்டல்ல, குடுக்கறேன்" என்றார். "இரு. முதல்ல நான் படிச்சு முடிச்சிடறேன்."